ஸ்டெஃபாவின் கார்டு

அந்தப் பெண் உள்ளே வந்தபோது நான் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். ஹீட்டர் மக்கர் செய்தது. நவம்பர் மாதத்து நெப்ராஸ்காவில் ஹீட்டர் மக்கர் செய்தால் துப்பறியும் நிலையத்தின் உதவியாளன்தான் படுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் நிலையத்தில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் முதலாளி வெர்னா குச்சேரா. இன்னொருவன் நான், லைல் ஹ்ரூபி.

வெர்னாவுக்கு அறுபத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருடம் பயிர் இன்ஷூரன்ஸில் இருந்தவர். ஆலங்கட்டி மழையில் மக்காச்சோளம் போயிற்று என்று ஒரு விவசாயி வந்து அழுதால், ஒரே ஒரு இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடித்தது ஆலங்கட்டியா சுத்தியலா என்று சொல்லிவிடுவார். நான் பன்னிரண்டு வருடம் பழுதான கார்களைக் கட்டி இழுக்கிற லாரி ஓட்டினேன். முதுகெலும்பு போதும் என்றது. அன்றிலிருந்து வெர்னாவை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறேன்.

வந்தவள் பெயர் டாரியா சாவ்சுக். நாற்பத்தைந்து வயது இருக்கும். கனடாவில், ரெஜைனா நகரத்தில் பள்ளி நூலகர். இரண்டு நாள் கார் ஓட்டி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. உட்காரச் சொன்னதைக்கூடக் கவனிக்காமல் செல்போனை மேசையில் வைத்தாள்.

"எங்கம்மா உயிரோட இருக்காங்க. கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றாள்.

சொன்ன கதை இதுதான். அவளுடைய அப்பா ஓரெஸ்ட், அம்மா ஸ்டெஃபா. யார்க்டன் என்ற சின்ன ஊரில் வீடு. கனடாக் குளிருக்குப் பயந்து வருடா வருடம் வேன் ஓட்டிக்கொண்டு அரிசோனா போய் வெயில் காய்ந்துவிட்டு மார்ச்சில் திரும்பும் ஜோடி. அப்படிப் போகிறவர்களைப் பனிப்பறவைகள் என்று சொல்வோம். எங்கள் ஊர் ஓட்டல்களுக்கு அவர்களால்தான் பாதிப் பிழைப்பு. முப்பது வருடமாக இந்த இருவரும் வழியில் தங்குவது இங்கே பக்கத்து எல்டன் ஊர்ச் சாலையோர மோட்டலில், ஏழாம் எண் அறையில்.

ஸ்டெஃபாவுக்கு இரண்டு வருடமாக ஞாபகம் தவற ஆரம்பித்திருந்தது. போன மார்ச்சில் திரும்பி வரும்போது எல்டனில் பனிப்புயல். ஓரெஸ்ட் குளித்துவிட்டு வெளியே வந்தபோது அறைக் கதவு திறந்து கிடந்தது. ஸ்டெஃபா இல்லை. கோட்டு இல்லை, கைப்பை இல்லை. நான்கு வாரம் தேடினார்கள். கிடைக்கவில்லை. செப்டம்பரில் உள்ளூர்ப் போலீஸான ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, கோப்பை மூடிவிட்டோம் என்று.

"அக்டோபர்ல இது வந்துச்சு" என்று டாரியா போனைத் திருப்பினாள்.

வங்கியின் குறுஞ்செய்தி. ஸ்டெஃபானியா சாவ்சுக் அவர்களின் கார்டு பயன்படுத்தப்பட்டது. ஊர், கடை, தொகை. ஐந்து வாரத்தில் அப்படி நான்கு செய்திகள். நான்காவது அன்று காலை, எங்கள் வாசலில் அவள் காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது வந்தது.

அம்மாவுக்கு ஞாபகம் தவறத் தொடங்கியபோது, யாராவது ஏமாற்றிவிடக் கூடாதே என்று டாரியாதான் கார்டுச் செய்திகள் தன் போனுக்கு வரும்படி செய்திருந்தாள். செய்தியை ஷெரிஃபிடம் காட்டினாளாம். யாரோ கைப்பையைக் கண்டெடுத்து கார்டைத் தேய்க்கிறான், வங்கியிடம் சொல்லி ரத்து செய்துவிடு என்றாராம்.

"ரத்து பண்ணிட்டா அம்மா எப்படிச் சாப்பிடுவாங்க?" என்று எங்களிடம் கேட்டாள்.

"உங்கப்பா என்ன சொல்றாரு?" என்றார் வெர்னா.

"அவர்கிட்ட சொல்லல. வீட்ல தனியா இருக்காரு. இனிமே அந்த எல்லையைத் தாண்டவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாரு. ஞாயிறானா போன் பேசுவோம், அவ்வளவுதான். இதைச் சொல்லி, அப்புறம் ஒண்ணும் இல்லேன்னு ஆயிட்டா மனுஷன் தாங்க மாட்டாரு."

வெர்னா நான்கு செய்திகளையும் காகிதத்தில் எழுதிக்கொண்டார். அக்டோபர் முதல் வாரம், ஒரு பெட்ரோல் பங்க், நாற்பது டாலர். அக்டோபர் இரண்டாவது திங்கள், மேசன் ஃபோர்டு ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை. போன வாரம் இன்னொரு பெட்ரோல் பங்க், மறுபடியும் சரியாக நாற்பது டாலர். இன்று காலை, மேசன் ஃபோர்டில் விவசாயச் சாமான் கடை.

"நம்ம ஊர்த் திருடன் பெட்ரோல் போட்டுட்டு விவசாயம் பண்ணப் போறானா? ரொம்ப நல்லவனா இருக்கானே" என்றேன்.

வெர்னா என்னைக் கவனிக்கவில்லை. "அந்த ரெண்டாவது திங்கள்கிழமை உங்க ஊர்ல என்ன?" என்று டாரியாவைக் கேட்டார்.

டாரியாவின் முகம் மலர்ந்தது. "தேங்க்ஸ்கிவிங்! எங்களுக்கு அன்னைக்குத்தான். உங்களுக்கு நவம்பர்ல. ஒரு அமெரிக்கத் திருடனுக்கு இது எப்படித் தெரியும்? அம்மாவுக்கு எது மறந்தாலும் பண்டிகை மறக்காது."

எனக்கே ஒரு நொடி நம்பிக்கை வந்துவிட்டது. வெர்னா மட்டும் பென்சிலால் அந்த இரண்டு நாற்பதையும் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, பேச்சுவாக்கில் கேட்பது போல, அம்மா பெட்ரோல் போட்டால் எப்படிப் பணம் கட்டுவார் என்று கேட்டார்.

டாரியா சிரித்தேவிட்டாள். அது அவர்கள் வீட்டுப் பெருமையாம். எங்கள் பம்புகளில் கார்டைச் செருகினால் உடனே அஞ்சல் பின்கோடு கேட்கும். அமெரிக்கப் பின்கோடு ஐந்து எண். கனடாவில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். பம்பில் எழுத்தைத் தட்ட முடியாது. கனடாக்காரர்கள் பலர் இங்கே வந்து பம்போடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் கடைக்குள்ளே போய் முன்பணம் கட்டுவார்கள். ஸ்டெஃபா உள்ளே போகவே மாட்டார். முப்பத்தோரு வருடம் அஞ்சலகத்தில் கடிதம் பிரித்தவர். தன் பின்கோட்டில் உள்ள மூன்று எண்களைத் தட்டி, பின்னால் இரண்டு பூஜ்ஜியம் சேர்த்தால் பம்ப் மறு பேச்சில்லாமல் திறக்கும் என்ற தந்திரம் அவருக்குத் தெரியும்.

"மூணு, ரெண்டு, நாலு, பூஜ்ஜியம், பூஜ்ஜியம். அம்மா அதைத் தட்டுவாங்க. அப்பா பக்கெட்ல தண்ணி எடுத்து முன்கண்ணாடியைத் துடைச்சிட்டு இருப்பாரு. போன கிறிஸ்துமஸுக்கு என் பேரு அவங்களுக்கு வரல. ஆனா பின்கோடு கேட்டா தூக்கத்துலயும் சொல்வாங்க" என்றாள் டாரியா.

வெர்னா பென்சிலைக் கீழே வைத்தார். "லைல், வண்டியை எடு" என்றார்.

டாரியா தன் காரிலிருந்து ஒரு பையை எடுத்து வந்து எங்கள் வண்டியின் பின் இருக்கையில் வைத்தாள். என்ன என்று கேட்டேன். அம்மாவின் மாத்திரைகள், கம்பளிச் சட்டை, இன்னொரு மூக்குக் கண்ணாடி. "பழைய கண்ணாடி தொலைஞ்சிருக்கும், பாவம்" என்றாள்.

மேசன் ஃபோர்டுக்கு முக்கால் மணி நேரம். அறுவடை முடிந்து இரண்டு பக்கமும் வயல் மொட்டையாகக் கிடந்தது. வழியெல்லாம் டாரியா பேசிக்கொண்டே வந்தாள். அம்மா எங்காவது ஒரு பண்ணை வீட்டில் இருக்கலாம், யாரோ நல்லவர்கள் சேர்த்துக்கொண்டிருக்கலாம், பெயர் சொல்லத் தெரியாததால் அனுப்ப முடியாமல் இருக்கலாம். வெர்னா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார். பேச்சுக்குப் பேச்சு கொடுக்கிற மனுஷி ம் கொட்டினால் நல்ல சேதி இல்லை என்று அர்த்தம்.

விவசாயச் சாமான் கடையில் காலையில் யார் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வாங்கினவரே பொருளைக் காட்டிப் பணம் கட்டிக்கொள்கிற இயந்திரம் வைத்திருந்தார்கள். அதற்கு மேலே இருந்த கேமராவைப் பற்றிக் கேட்டேன். அது வெறும் டப்பா, திருடனைப் பயமுறுத்த மாட்டியது என்று மேனேஜர் ரகசியம் போலச் சொன்னார். எனக்கு அதைப் பார்த்துப் பயம் வரவில்லை என்றேன். ஆனால் ரசீதை எடுத்துக் கொடுத்தார்.

கையுறை, ஒரு ஜோடி. உள்ளே ஆட்டுக் கம்பளி வைத்தது. பெண்களுக்கானது. சின்ன அளவு.

டாரியா அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். "அம்மாவுக்குக் குழந்தை மாதிரி கை" என்றாள். விதைச் சாக்குகளுக்கு நடுவில் நின்று அழுதாள். சந்தோஷ அழுகை. அதை நின்று பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் வெர்னா அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக் கடை எதிரிலேயே இருந்தது. டாரியா முகம் கழுவப் போன நேரத்தில் வெர்னா பரிமாறுகிற பெண்ணைப் பிடித்துவிட்டார். அந்தம்மாள் பெயர் ஜோலீன். மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் எங்கள் முன்னால் வைத்தபடியே பேசினாள். அக்டோபர் திங்கள்கிழமை நன்றாக ஞாபகம் இருந்தது அவளுக்கு. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வான்கோழியை அக்டோபரில் எவர் வந்து கேட்பார்கள்? சமையல்காரன் உறைபெட்டியைத் துழாவி எடுத்துச் செய்தானாம். இரண்டு தட்டு. ஒரு தட்டில் கரண்டியே படவில்லை. அதை அப்படியே கட்டிக் கொடுக்கச் சொன்னாராம் அந்த மனுஷன்.

"மனுஷன்" என்று ஜோலீன் சொன்னதும் நான் ரொட்டியைக் கீழே வைத்தேன்.

"பணம் கட்டும்போது ஏதாவது வித்தியாசமா செஞ்சாரா?" என்று வெர்னா கேட்டார்.

"கார்டை வாங்கிட்டுக் கல்லாவுக்குப் போறேன், பின்னாலேயே வந்துட்டாருங்க. என்னவோ நான் தூக்கிட்டு ஓடிருவேன்கிற மாதிரி. ஆனா மரியாதையான மனுஷன். மன்னிச்சுக்கம்மான்னு ரெண்டு தடவை சொன்னாரு. வயசானவர்."

டாரியா வருவதற்குள் வெர்னா ஜோலீனை அனுப்பிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"கனடாவுல கார்டை யாரும் கையிலேருந்து வாங்கிட்டுப் போக மாட்டாங்க, லைல். மெஷினை மேசைக்குக் கொண்டு வருவாங்க. கார்டு கண்ணை விட்டுப் போனா அவங்களுக்குப் பதறும். அதான் பின்னாலேயே போயிருக்காரு."

"சரி, கனடாக்காரர். அந்த நாற்பது?"

"பம்ப்ல கார்டு போட்டு டேங்கை ரொப்பினா என்னைக்காவது சரியா நாற்பது வருமா? முப்பத்தேழு அறுபத்திரண்டு, நாற்பத்தொண்ணு பதினெட்டுன்னு ஏதாவது சில்லறையோட வரும். உள்ள போய் முன்பணம் கட்டினாத்தான் முழுசா நாற்பது. ரெண்டு தடவையும் உள்ளதான் போயிருக்காங்க. ஸ்டெஃபா உள்ள போகவே மாட்டாங்கன்னு பொண்ணே சொல்லுது."

"அப்ப அம்மா இல்லையா?"

வெர்னா மேசையில் நான்கு சொட்டு தக்காளிச் சாறு வைத்தார். இரண்டு பெட்ரோல் பங்க், இந்தக் கடை, எதிர்க் கடை. எல்லாச் சொட்டும் நடுவில் ஓர் ஊரைச் சுற்றி அரை மணி தூரத்தில் இருந்தன. அந்த நடு ஊரில் மட்டும் கார்டு ஒரு தடவைகூடத் தேய்க்கப்படவில்லை.

"எல்டன்" என்றேன்.

"அங்க எல்லாருக்கும் அவரைத் தெரியும். அதான் அங்க தேய்க்கல."

"யாரை?"

"கனடாக்காரர். பம்ப் எண் தெரியாதவர். சின்ன அளவுல பெண்கள் கையுறை வாங்கறவர். இதுக்கு மேல நான் சொல்லணுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். என் தட்டைத் தள்ளி வைத்தேன். எதிரே டாரியா முகம் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்து உட்கார்ந்து, என் ரொட்டியில் பாதியைப் பிய்த்துச் சாப்பிட்டாள். பல மாதம் கழித்து ருசி தெரிகிறது என்றாள்.

எல்டன் மோட்டல் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. கொஞ்சம் தள்ளி சாலை அதைக் கடக்கிற கடவுப்பாதை, அந்தப் பக்கம் வடக்கே ஒரு ஓடை, ஓடை ஓரம் மரங்கள். பத்து அறை, ஒரே வரிசை. வாசலில் ஒரு வண்டிகூட இல்லை. பின்பக்கம் போய்ப் பார் என்று வெர்னா கண்ணாலேயே சொன்னார். போனேன். குப்பைத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பழுப்பு வேன், பாதி தார்ப்பாய் போட்டு மூடி. நம்பர் பலகையை மட்டும் தூக்கிப் பார்த்தேன். சஸ்காச்சுவான் மாகாணம். ஆயிரக்கணக்கான வண்டிகளைப் பார்த்தவன் நான். ஒரு வண்டியைப் பார்த்து நெஞ்சு கனத்தது அதுதான் முதல் தடவை.

நான் முன்பக்கம் திரும்பி வருவதற்குள் டாரியா போனைக் காதில் வைத்திருந்தாள். அம்மா தொலைந்த இடத்தைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லையாம். இனி அப்பாவிடம் மறைக்க மாட்டேன் என்று தானாகவே கூப்பிட்டுவிட்டாள். வெர்னா தடுக்கக் கை நீட்டினார், அதற்குள் எடுத்துவிட்டார் அந்த மனுஷன்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. "சூப்பா? பீட்ரூட்டா? உப்பு கம்மியா போடுங்கப்பா" என்று இவள் சிரித்தாள்.

அந்த நேரத்தில் சரக்கு ரயில் வந்தது. கடவுப்பாதைக்கு முன்னால் எல்லா ரயிலும் ஊதுவது போல ஊதியது. இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். டாரியா சத்தம் தாங்காமல் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கை அப்படியே நின்றது. போன் இருந்த காதில், அரை நொடி தாமதமாக, அதே இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம்.

ரயில் போய் முடிய மூன்று நிமிடம் ஆயிற்று. அதுவரை அவள் நகரவில்லை. போனில் அவரும் பேசவில்லை. பிறகு அவள் மெதுவாக நடந்து ஏழாம் எண் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, கதவைத் திறங்க" என்று போனிலேயே சொன்னாள்.

திறந்தது. உயரமான கிழவர், தோளில் துண்டு, கையில் இன்னும் போன். அடுப்பும் இல்லை, சூப்பும் இல்லை. இரண்டு படுக்கை. ஒன்று கலைந்திருந்தது. மற்றது மடிப்பு கலையாமல் இருந்தது, தலையணை மேல் விலைச்சீட்டு கிழிக்காத சாம்பல் நிறக் கையுறை ஒரு ஜோடி.

டாரியா கையுறையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையை மட்டும் நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து அதில் வைத்தார்.

"இது அம்மா பையில இருந்துச்சுன்னு போலீஸ்கிட்ட சொன்னீங்களேப்பா."

"இல்லம்மா. வேன்ல, வெயில் தடுப்புல செருகி வெச்சிருப்பா. பெட்ரோல் போட எடுக்கச் சுலபமா இருக்கும்னு. அங்கயேதான் இருந்துச்சு."

வெர்னா கட்டிலோரம் அவரை உட்கார வைத்தார். அவர் சொல்ல ஆரம்பித்தார். தேட ஆரம்பித்து ஆறாவது நாள். நாளை ஒரு நாள் பார்ப்போம், அதோடு நிறுத்திக்கொள்வோம் என்று ஷெரிஃப் சொன்னாராம். அந்தப் பயத்தில் ஓரெஸ்ட் ஒரு பொய் சொன்னார். கார்டு அவளிடம்தான் இருக்கிறது, எங்காவது போய்ச் சாப்பிடுவாள், பஸ் ஏறுவாள் என்றார். உடனே காரியம் சூடு பிடித்தது. பஸ் நிலையம், ஓட்டல், பெட்ரோல் பங்க் என்று மாநிலம் முழுக்கப் போன் பறந்தது. இன்னும் மூன்று வாரம் தேடினார்கள்.

"அப்புறம் செப்டம்பர்ல அந்தக் கடுதாசி வந்துச்சு. படிச்சேன். கார்டு நடமாடினா மறுபடி தேடுவாங்கன்னு தோணுச்சு. கார்டு மேல கண்ணு வெச்சிருக்கோம்னு ஷெரிஃப் அன்னைக்கே சொல்லியிருந்தாரு. சரின்னு கிளம்பி வந்துட்டேன். தேய்ச்சேன். காத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வண்டி வரல. ஒரு ஆள் வரல. யார் பாக்கறாங்கன்னு தெரியல, ஆனா யாராவது பாத்துட்டுத்தான் இருப்பாங்கன்னு மறுபடி தேய்ச்சேன்."

"நான் பாத்தேம்ப்பா" என்றாள் டாரியா. "எனக்குத்தான் வந்துச்சு. ஒவ்வொண்ணும் எனக்குத்தான் வந்துச்சு."

கிழவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முகம் போன போக்கை நான் எழுதப் போவதில்லை. மகளுக்குப் பொய் நம்பிக்கை வேண்டாம் என்று அவர் சொல்லாமல் இருந்தார். அப்பாவுக்குப் பொய் நம்பிக்கை வேண்டாம் என்று இவள் சொல்லாமல் இருந்தாள். ஐந்து வாரமாக அவர் அனுப்பிய பொய் நேராக இவள் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஷெரிஃப் அலுவலகத்தில் எவனும் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கதவை உதைத்திருப்பேன், அது ஏற்கெனவே திறந்து கிடந்தது.

"ரெண்டு தட்டு எதுக்குப்பா?" என்று டாரியா கேட்டாள்.

"அன்னைக்கு நம்ம பண்டிகைம்மா. ஒரு தட்டு சொல்ல வாய் வரல."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வெர்னா ஜன்னலுக்குப் போனார். வடக்கே பார்த்தபடியே, சாதாரணமாகக் கேட்டார். அந்த ஏழாவது நாள், நாளை ஒரு நாள் என்றார்களே, எங்கே தேடுவதாக இருந்தார்கள்?

"ஓடைக்கு அந்தப் பக்கம், அந்த மரங்க இருக்கிற இடம்" என்றார் ஓரெஸ்ட். "கார்டு சேதி சொன்னதும் எல்லாரையும் ரோட்டுப் பக்கம் அனுப்பிட்டாங்க. அப்புறம் அங்க யாரும் போகல. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். எல்லாத்தையும் கேட்டு வெச்சுக்கறது என் பழக்கம்" என்றார் வெர்னா.

பொய் சொல்கிற விவசாயியை இலையைப் பார்த்தே பிடிக்கிறவர் சொன்ன முதல் பொய் அது, எனக்குத் தெரிந்து. அந்த மரங்கள் மோட்டலிலிருந்து அரை மைல். எட்டு மாதமாக ஒரு காலடி அங்கே படவில்லை. தேடல் நிற்கக் கூடாது என்று அந்த மனுஷன் சொன்ன ஒரே ஒரு வார்த்தை, தேடலை அங்கே போகவிடாமல் திருப்பிவிட்டது. அதை அவருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஒரு நாள் வரலாம். அன்றைக்கு வேண்டாம் என்று வெர்னா முடிவு செய்தார். நானும் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் என் காதருகே, "லைல், வண்டியில ரப்பர் பூட்ஸ் ரெண்டு ஜோடி இருக்கா பாரு. இவங்க கிளம்பட்டும்" என்றார்.

டாரியா அப்பாவைத் தன்னோடு வீட்டுக்கு அழைத்துப் போவதாக முடிவாயிற்று. அவளுடைய கார் எங்கள் அலுவலக வாசலிலேயே நிற்கட்டும், பிறகு நான் ஓட்டிக்கொண்டு வந்து விடுகிறேன் என்றேன். வேனை அவள் ஓட்டினாள். டேங்க் காலி என்று முள் சொன்னது. எல்டன் பெட்ரோல் பங்க் வரை நாங்கள் பின்னாலேயே போனோம்.

ஓரெஸ்ட் இறங்கினார். பழக்க தோஷம், முதலில் பக்கெட்டைத் தேடி முன்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கடைக்குள்ளே போகப் படியில் கால் வைத்தார்.

"உள்ள போக வேண்டாம்ப்பா. இங்க வாங்க" என்று டாரியா கூப்பிட்டாள்.

அவள் கையில் அம்மாவின் கார்டு இருந்தது. அன்று சாயங்காலமே வங்கியைக் கூப்பிட்டு அதை நிறுத்தச் சொல்லிவிடப் போவதாக எங்களிடம் சொல்லியிருந்தாள். பம்பில் செருகினாள். பின்கோடு கேட்டது. அவள் அப்பாவின் விரலைப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாகத் தட்ட வைத்தாள். மூன்று. இரண்டு. நான்கு. பூஜ்ஜியம். பூஜ்ஜியம்.

பம்ப் திறந்துகொண்டது.

"இவ்வளவுதானா?" என்றார் ஓரெஸ்ட். "முப்பது வருஷம் இதைத்தான் தட்டினாளா? நான் ஒரு நாள்கூட என்னன்னு கேட்டதில்லையே."

டேங்க் நிறைந்தது. முப்பத்தெட்டு டாலர், எழுபத்தொரு காசு. குழாயை மாட்டிவிட்டு அவர் துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது டாரியாவின் கோட்டுப் பையில் போன் ஒலித்தது. அன்று காலை எங்கள் வாசலில் வங்கிச் செய்தி வந்தபோது அடித்த அதே மணி.

"யாரும்மா?" என்று கேட்டார் ஓரெஸ்ட்.

டாரியா போனை எடுத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மாதான்ப்பா" என்றாள்.